பாய்லர் பக்கத்துலேர்ந்து எண்ணினவர்

எங்க மச்சாண்டாருக்கு இருபத்தாறு வருஷமா நான்தான் சோறு போடறேன். மச்சாண்டார்னா எங்க வீட்டுக்காரரோட கூடப்பிறந்த அண்ணன். கல்யாணம் பண்ணிக்கலை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தப்பவே அவருக்கு நாப்பது வயசு. சமையக்கட்டை ஒட்டி ஒரு சின்ன ரூமு, ஒரு கட்டில், ஒரு தகர டப்பா நிறைய பிரஷ்ஷு, இதுதான் அவரோட சொத்து. இங்க இருக்கிற ஏழு தெருவுலயும் அவரை பிரஷ்னுதான் கூப்பிடுவாங்க. சொந்தப் பேரைச் சொல்லி யாராவது கேட்டா நானே ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

மில்லுல பெயின்டரா இருந்தவரு. பெயின்டர்னதும் படம் வரையறவர்னு நினைச்சுடாதீங்க. மிஷினுக்கு நம்பர் போடறது, ஆள் நடக்கிற வழிக்கு வெள்ளைக்கோடு இழுக்கறது, மணல் வாளிக்கு சிவப்பு அடிக்கறது, 'பெல்ட் ஓடும்போது கை வைக்காதே'ன்னு எழுதறது. முப்பத்தொரு வருஷம் அதேதான். கை வெக்கிறவங்க வெச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, அது இவரு தப்பு இல்லை. மில்லை மூடி பதினேழு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் அவரு நகத்தைப் பார்த்தா ஓரத்துல சிவப்பு இருக்கற மாதிரியே எனக்குத் தோணும். போட்ட சோத்தைத் தின்னுட்டு, தட்டைத் தானே கழுவி வெச்சுட்டு, இருமிக்கிட்டே போயிடுவாரு. நல்ல மனுஷன், ஆனா கல்லுக்குப் பக்கத்துல குடித்தனம் பண்ற மாதிரி. ஒரு வார்த்தை பேச மாட்டாரு.

வந்த புதுசுல ஒருநாள் அடுப்புல கை வேலையா இருந்தேன். "மாமா, அலமாரியில ரெண்டாவது டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க"ன்னேன். எடுத்துக் குடுத்தாரு. நானும் பாக்காம ஒரு பிடி அள்ளிக் குழம்புல போட்டுட்டேன். உப்புக்குப் பதிலா சர்க்கரை. அன்னிக்கு என் மாமியார் பேசின பேச்சு ஏழு ஜென்மத்துக்குத் தாங்கும். அப்புறம் பார்த்தா, நான் வாசல் பக்கத்துலேர்ந்து எண்ணி ரெண்டாவதுன்னு சொல்லியிருக்கேன், இவரு அடுப்புப் பக்கத்துலேர்ந்து எண்ணி எடுத்திருக்காரு.

"ஏன் மாமா அந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினீங்க?"

"மில்லுல எல்லாத்தையும் பாய்லர் பக்கத்துலேர்ந்துதாம்மா எண்ணுவோம். ஒண்ணாம் நம்பர் மிஷின்னா பாய்லருக்குப் பக்கத்துல இருக்கறது. ஆவி அங்கேர்ந்துதானே வருது."

வீட்டுல அடுப்புதான் அவருக்கு பாய்லர். நான் அன்னிக்கே எல்லா டப்பாவுலயும் பேர் எழுதி ஒட்டிட்டேன். இந்தக் கதையை மறந்துடாதீங்க, பின்னாடி வேணும்.

எங்க பேட்டைன்னா மெயின் ரோட்டுக்கும் பாய்லர் வீட்டுக்கும் நடுவுல ஏழு வரிசை வீடு. எல்லாம் ஒரே அச்சு. ரெண்டு ரூமு, ஒரு சமையக்கட்டு, பின்னாடி ஒரு குழாய். மில்லு ஆளுங்களுக்குன்னு கட்டினது. ரோட்டுலேர்ந்து உள்ள வந்தா முதல்ல எங்க தெரு, ஃபயர்மேன் தெரு. அடுத்தது கரித் தெரு, அப்புறம் கிணத்துத் தெரு, நடுத் தெரு, மணித் தெரு, சாயத் தெரு. கடைசியா பாய்லர் வீட்டுச் சுவரை ஒட்டினாப்புல கழிவுத் தெரு. கழிவுன்னா கழிவுப் பஞ்சு, மிஷின்லேர்ந்து உதிர்றது. ஆனா கழிவுன்னு கேட்டா எவனுக்குப் பஞ்சு ஞாபகம் வரும்? அந்தத் தெருவுல பொண்ணு எடுக்க யோசிப்பாங்க, பொண்ணு குடுக்கவும் யோசிப்பாங்க. வேலைக்கு மனு போட்டா அட்ரஸைப் பார்த்துச் சிரிப்பாங்க. எங்க தெரு அப்படி இல்லை. பாய்லர் வெடிக்காம காப்பாத்திட்டு செத்துப்போன ஃபயர்மேன், அதாவது அடுப்புக்குக் கரி தள்றவரு, அவரு ஞாபகமா வெச்ச பேரு. என் மாமியார் சாகற வரைக்கும் "நாங்க ஃபயர்மேன் தெருவாக்கும்"னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, என்னமோ இவங்களே உள்ள பூந்து நெருப்பை அணைச்ச மாதிரி.

போன மழைக்காலம் ஆரம்பிச்ச கையோட டவுன் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு. கையில ஒரு நோட்டு, தோள்ல ஒரு பை. பழைய தெரு போர்டெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சாம், புதுசு போடப்போறாங்களாம். இரும்புத் தூணு, எனாமல் தகடு, அம்பது வருஷம் தாங்குமாம். பேருக்குக் கீழ ரெண்டு வரி, அந்தப் பேரு ஏன் வந்துச்சுன்னு எழுதுவாங்களாம். அதுக்காக வீடு வீடா விசாரிச்சுக்கிட்டு வருது.

கேக்கணுமா நம்ம ஜனங்களை. கிணத்துத் தெருவுல தோண்டினாலும் ஒரு கிணறு கிடையாது. ஏன் அந்தப் பேருன்னு கேட்டா, "அங்க பொண்ணைக் குடுக்கறதும் கிணத்துல தள்றதும் ஒண்ணு"ன்னு பக்கத்துத் தெருக்காரி சொல்லியிருக்கா. சாயத் தெருக்காரங்க சாயம் சீக்கிரம் வெளுத்துடுமாம். கரித் தெருக்காரங்க அடுத்தவன் மூஞ்சியில கரி பூசறதுல கெட்டிக்காரங்களாம். மணித் தெருவுல ஒருத்தன்கிட்டயும் வாட்ச் கிடையாது, அதனாலதான் மணின்னு ஒரு ஆளு. அந்தப் பொண்ணு பாவம், எல்லாத்தையும் எழுதிக்குச்சு.

கழிவுத் தெருவுக்கு அது வந்தப்ப நான் அங்கதான் இருந்தேன், தையக்காரக்கா வீட்டுல, தலகாணி உறை தைக்கக் குடுக்கப் போயிருந்தேன். தையக்காரக்கா வேற யாரும் இல்லை, அந்த ஃபயர்மேன் பெத்த பொண்ணு. அறுபதை நெருங்கிட்டாங்க. எங்கயோ வாக்கப்பட்டு, புருஷன் போனதும் ஒரு தையல் மிஷினோட அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவங்க.

"உங்க தெருவுக்கு ஏம்மா இந்தப் பேரு?"ன்னு கேட்டுச்சு ஆபீஸ் பொண்ணு.

"ஏன்னா? கழிச்சுப் போட்டதெல்லாம் இங்க இருக்கு, அதான். எழுதிக்கோ."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

"அப்ப என்னைக் கேக்காதே. அந்தக் கோடியில ஒரு தெரு இருக்கு பாரு, அதுக்குக் காரணம் சொல்றேன். எங்கப்பா பாய்லர்ல வால்வு சிக்கிக்கிட்டப்ப எல்லாரையும் வெளிய விரட்டிட்டு தான் மட்டும் உள்ள நின்னு நெருப்பை வாரி வெளிய போட்டாரு. ஆவி பட்டு வெந்து மூணாம் நாள் போயிட்டாரு. அவரு குடியிருந்தது இந்த வீடு. செத்தது இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். பேரு மட்டும் எதுக்கு பஸ் ஸ்டாப்புல போய் நிக்குதுன்னு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லு."

அக்கா நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டே சொன்னாங்க, "அம்பது வருஷம் தாங்கற தகடுங்கறே. அப்ப நான் செத்த பிறகும் கழிவுத் தெரு தையக்காரிதான். நல்லது."

எனக்கு அப்ப ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. தைச்ச துணியைக் குடுக்க எங்க தெருவுக்கு வரும்போதெல்லாம் இந்த அக்கா, முனையில இருக்கிற போர்டு முன்னாடி நின்னு, கையில இருக்கிற வெட்டுத்துணியால அதைத் துடைச்சுட்டுத்தான் போவாங்க. நான் அது என்னமோ சுத்தக்காரத்தனம்னு நினைச்சிருந்தேன்.

கடைசியில ஆபீஸ் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துச்சு. பழைய போர்டை எழுதி மாட்டினதே எங்க மச்சாண்டார்தான், அப்ப அவருக்கு இருபத்தெட்டு வயசு. டவுன் ஆபீஸ் மில்லுகிட்ட சொல்லி, மில்லுல இவருகிட்ட குடுத்த வேலை. "உங்களுக்குத் தெரியாம இருக்காதே சார்"ன்னு கேட்டுச்சு.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. குடுத்ததை எழுதினேன்"னு சொல்லிட்டு எழுந்து ரூமுக்குள்ள போயிட்டாரு.

அன்னிக்கு மத்தியானம் தட்டு அப்படியே இருந்துச்சு. மறுநாளும் அப்படித்தான். மூணாம் நாள் எனக்குப் பொறுக்கலை. நான் கீழ உக்காந்து அரிசியில கல் பொறுக்கிக்கிட்டு இருந்தேன், இவரு குழாயடிக்குப் போக என்னைத் தாண்டித்தான் போகணும்.

"மாமா, என் சமையல் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. இருபத்தாறு வருஷம் கழிச்சு இப்பதான் நாக்குக்குத் தெரிஞ்சுதா?"

அவரு ரூமுக்குப் போயி அந்த பிரஷ் டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்து என் முன்னாடி வெச்சாரு. பிரஷ்ஷெல்லாம் எடுத்துக் கீழ வெச்சுட்டு, அடியிலேர்ந்து நாலா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்தாரு. மடிப்புல கிழிஞ்சு, டர்பன்டைன் வாசனையோட.

"படிம்மா."

மில்லு காகிதம். டைப் அடிச்சது. ஒண்ணு, கழிவுத் தெரு. ரெண்டு, சாயத் தெரு. மூணு, மணித் தெரு. நாலு, நடுத் தெரு. அஞ்சு, கிணத்துத் தெரு. ஆறு, கரித் தெரு. ஏழு, ஃபயர்மேன் தெரு. கீழ மூலையில பொடி எழுத்துல, 'எண்ணிக்கை மெயின் ரோட்டிலிருந்து'ன்னு இருந்துச்சு.

நான் ரெண்டு தரம் படிச்சேன். ரோட்டுலேர்ந்து முதல் தெரு எங்களுது. அது ஃபயர்மேன் தெரு இல்லை. அதுதான் கழிவுத் தெரு.

"மாமா, உப்பு டப்பா கதையா?"

"உப்பு டப்பா கதைதாம்மா" அப்படின்னாரு.

ஒண்ணாம் நம்பர்னா பாய்லர் பக்கம். இவரு பாட்டுக்கு அங்கேர்ந்து ஆரம்பிச்சு ஏழு போர்டையும் மாட்டிக்கிட்டே ரோட்டுக்கு வந்திருக்காரு. பொடி எழுத்தைப் பாக்கலை. நடுத் தெரு ஒண்ணுதான் தப்பிச்சுது, எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினாலும் நடு நடுதான். மத்த ஆறும் இடம் மாறிப்போச்சு.

"ஏழு தெருவுல ஒருத்தருக்குமா தெரியலை?"

"எப்படித் தெரியும்? அதுக்கு முன்னாடி தெருவுக்குப் பேரே கிடையாது. முதல் லைனு, ரெண்டாம் லைனுன்னுதான் சொல்லுவாங்க. ஃபயர்மேன் தவிர மத்த பேரெல்லாம் ஆபீஸ்ல யாரோ பழைய வரைபடத்தைப் பார்த்து வெச்சது. நாம இருக்கிற இந்த லைன்லதான் முன்னாடி கழிவுப் பஞ்சு கிடங்கு இருந்துச்சாம். அடுத்த லைன்ல சாயத் தண்ணி ஓடுமாம். போர்டு மாட்டறப்ப கிடங்கும் இல்லை, சாயமும் இல்லை, கிணத்தையும் தூர்த்துட்டாங்க."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"எட்டாம் நாள்."

ஃபயர்மேன் சம்சாரம் புருஷன் பேரைப் பாக்கணும்னு பொண்ணைக் கூட்டிக்கிட்டு அந்தக் கோடியிலேர்ந்து ஏழு தெருவையும் தாண்டி நடந்து வந்திருக்காங்க. இவரு அப்பத்தான் தூணுக்கு அடியில சிந்தின பெயின்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தாராம். "ஏம்ப்பா, எங்க தெருவுல இதை மாட்டியிருக்கக் கூடாதா?"ன்னு கேட்டிருக்காங்க. அப்புறம் அவங்களே, "சரி, நாலு பேரு பாக்கற எடமா இருக்கட்டும்னு ரோட்டோரமா வெச்சிருப்பாங்க. பெரியவங்களுக்குத் தெரியாதா"ன்னு சொல்லிக்கிட்டு திரும்ப நடந்துட்டாங்களாம். இவரு ஓடிப்போய் காகிதத்தை எடுத்துப் பார்த்திருக்காரு.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சூப்பர்வைசர் நல்ல வேலைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. அப்பாவை அந்த மாசம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. வீட்டுல ஆறு பேரு. சொன்னா என்னையும் அனுப்பிடுவாங்க. ஒரு மாசம் போகட்டும்னு நினைச்சேன். ஒரு மாசத்துல எல்லாரும் லெட்டர்ல அந்த அட்ரஸையே எழுத ஆரம்பிச்சுட்டாங்க."

இதோட விட்டிருந்தா நான்கூட சரின்னு அரிசியைப் பொறுக்கியிருப்பேன். ஆனா இவரு எழுந்து போகலை. சுவரைப் பார்த்துக்கிட்டே இன்னொண்ணு சொன்னாரு. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, அந்த ஃபயர்மேன் பொண்ணை இவருக்குப் பிடிச்சிருக்கு. அது அப்ப மில்லுல நூல் சுத்தற வேலைக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. இவரே ஒரு ஆளை விட்டுக் கேட்டு, அவங்க வீட்டுல சம்மதம். இங்க வந்து சொன்னா என் மாமியார் குதிச்சிருக்காங்க. "கழிவுத் தெருவுலேர்ந்தா பொண்ணு எடுக்கறது? நாம இருக்கற தெரு என்ன, அது என்ன?"

நான் முறத்தைக் கீழ வெச்சேன்.

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"சொல்லலாம்னு வாயைத் திறந்தேன்மா. பசிக்குதான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

அதுக்கப்புறம் முப்பத்தாறு வருஷம் சோறு தின்னதைத் தவிர இந்த மனுஷன் வாயைத் திறக்கலை. எனக்கு செத்துப்போன மாமியார் மேல கோவம், எதிர்ல உக்காந்திருக்கிறவர் மேல கோவம். அப்புறம் ஒரு சிரிப்பும் வந்துச்சு. கழிவுத் தெருக்காரி யாருன்னு பார்த்தா என் மாமியார்தான். இப்ப நானும்.

"அம்பது வருஷம் தாங்கற போர்டும்மா அது"ன்னாரு. "என்னோடது துருப்பிடிச்சுப் போச்சு. அது போகாது. அதுக்குள்ள சொல்லணும்."

சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவரு சட்டையைக் கழட்டிக்கிட்டே கேட்டாரு, "அண்ணே, முப்பத்தெட்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க. புது போர்டு வர்ற வரைக்கும் இருக்க முடியலையா?"

"முடியலைடா."

"பேங்க் புக்கு, கரண்ட் பில்லு, வீட்டுப் பத்திரம், எல்லாத்தையும் யாரு போய் மாத்தறது?"

"வேற யாரு போவா? நான்தான் போவேன். இதுவரைக்கும் எந்த வரிசையில நீங்க நின்னிருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

மறுநாள் காலையில ஆபீஸ் பொண்ணைப் போய்ப் பார்த்தோம். அது காகிதத்தைப் பார்த்து அசந்துபோச்சு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. தெருப் பேரை மாத்தணும்னா அந்தத் தெருவுல பாதிக்கு மேல வீடு கையெழுத்துப் போடணும். ரெண்டு தெருவை இடம் மாத்தணும்னா ரெண்டு தெருவுலயும் போடணும். பத்து நாள்ல பட்டியல் அச்சுக்குப் போகுது. ஃபயர்மேன் தெருவையும் கழிவுத் தெருவையும் மட்டுமாவது மாத்துவோம்னு இவரு சொன்னாரு.

எங்க தெருவுல நாப்பத்திரண்டு வீடு. இவரு முன்னால, நான் பின்னால, கையில காகிதம். எனக்கு ஏற்கனவே முட்டி வலி. ஒவ்வொரு வாசல்லயும் இவரு முதல்லேர்ந்து சொல்லுவாரு, பாய்லர் பக்கம், ரோட்டுப் பக்கம், என் தப்பு. நடுவுல இருமல். கேக்கறவங்க முதல்ல சிரிப்பாங்க, கையெழுத்துன்னதும் சிரிப்பு நின்னுடும்.

"ஏன் பிரஷ்ஷு, நீ பண்ணின தப்புக்கு நான் கழிவாகணுமா?"

"என் பையனுக்கு இப்பதான் இடம் பாத்துக்கிட்டு இருக்கோம். அடுத்த வருஷம் வாங்க."

மூணாவது வீட்டுக்காரி என்னைத் தனியா இழுத்து, "உங்க மச்சாண்டாருக்கு வயசாயிடுச்சு, டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னா. "அவருக்குப் புத்தி இப்பதான் வந்திருக்கு, டாக்டர் வேணாம்"னேன்.

மூணு நாள் நடந்தோம். விழுந்த கையெழுத்து மூணு. இவருது, என்னோடது, கோடி வீட்டு வாட்ச்மேனோடது. வாட்ச்மேன் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவாரு, போன தடவை கூரியர்க்காரன் நோட்டுல போட்டு அடுத்த வீட்டுப் பார்சலையே வாங்கி வெச்சுக்கிட்டவரு. எங்க வீட்டுக்காரர் போடலை.

கழிவுத் தெருவுல கேக்கணும்னா முதல்ல அந்த அக்காகிட்ட சொல்லியாகணும். அந்த வாசல் வந்ததும் இவருக்குக் கால் வரலை. நான் முதுகுல கை வெச்சுத் தள்ளாத குறைதான். அக்கா மிஷின்ல உக்காந்திருந்தாங்க. வெளிச்சத்துக்குக் கதவைத் திறந்து வெச்சு, கூரைத் தகரத்துலேர்ந்து சொட்டற மழைத் தண்ணியைப் பிடிக்க மிஷின் பக்கத்துல ஒரு பாத்திரம் வெச்சிருந்தாங்க. இவரு சொல்ல ஆரம்பிச்சாரு. அவங்க மிதிக்கறதை நிறுத்தலை. தச்சுக்கிட்டே கேட்டாங்க. காகிதத்தை நீட்டினாரு, திரும்பிக்கூடப் பாக்கலை. துணி முடிஞ்சதும்தான் மிஷின் நின்னுது.

"எங்கம்மா நடந்து வந்து கேட்டாங்களே, அதுக்கப்புறம் தெரியும்?"

"தெரியும்."

"அவங்க சாகறப்ப தெரியும்?"

"தெரியும்."

"ஆள் விட்டுக் கேட்டுட்டு அப்புறம் தெரு சரியில்லைன்னு சொல்லி அனுப்பினீங்களே, அப்ப?"

இவரு தலையை மட்டும் ஆட்டினாரு.

"சரி. போங்க."

நாங்க படியிறங்கினதும் உள்ளேர்ந்து குரல் வந்துச்சு. "யோவ் பிரஷ்ஷு. எங்கப்பாவுக்காக வீடு வீடா போய்ப் பிச்சை எடுக்காதே. அவரு யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்லை." மறுபடியும் மிஷின் சத்தம்.

வீட்டுக்கு வந்து இவரு படுத்தவரு எழுந்திருக்கலை. எனக்குப் படுக்க நேரம் ஏது, பாத்திரம் அப்படியே கிடந்துச்சு. தேய்க்கத் தேய்க்க மனசு அதையே சுத்திச்சு. நாப்பத்திரண்டு வீடு. எவளும் போட மாட்டா. நானே இவருக்குச் சோறு போடறவளா இல்லாம போனா போட்டிருப்பேனான்னு கேட்டா, போட்டிருக்க மாட்டேன், உண்மையைச் சொல்லிடறேன். பேரை மாத்த அவங்க கையெழுத்து வேணும். ஆனா போர்டுல பேரு மட்டுமா இருக்கப்போகுது? கீழ ரெண்டு வரி காரணம் இருக்கே.

கையைத் துடைச்சுக்கிட்டு ரூமுக் கதவைத் தட்டினேன். "எழுந்திரிங்க மாமா. ஆபீஸ் மூடறதுக்குள்ள போகணும்."

ஆபீஸ் பொண்ணுகிட்ட நேராவே கேட்டேன். "கண்ணு, பேரை மாத்தத்தானே கையெழுத்து? காரணம் எழுத யாரு கையெழுத்து வேணும்?"

அது நோட்டைப் புரட்டிச்சு. "காரணத்துக்குக் கையெழுத்து வேணாம்மா. தெரிஞ்சவங்க சொல்லணும், ஆதாரம் இருக்கணும். அவ்வளவுதான்."

"தெரிஞ்சவரு இதோ நிக்கறாரு. ஆதாரம் அவரு கையில இருக்கு. எழுதிக்கோ."

ரெண்டு வரிதான் இடம். முப்பத்தொரு வருஷம் 'கை வைக்காதே'ன்னு சுருக்கி எழுதினவருக்கு அது போதும். பென்சிலை வாங்கி அவரே எழுதினாரு. எங்க தெருவுக்கு, 'பாய்லரைக் காத்து உயிர்விட்ட ஃபயர்மேன் நினைவாக. அவர் வாழ்ந்த தெரு கழிவுத் தெரு. பெயின்டரின் தவறால் பெயர் இங்கே வந்தது.' கழிவுத் தெருவுக்கு, 'இதுவே ஃபயர்மேன் தெரு. பெயின்டர் தவறான பக்கத்திலிருந்து எண்ணியதால் பலகை மாறியது.' மத்த நாலு தெருவுக்கும் அதே மாதிரி, எது எங்க இருந்துச்சுன்னு.

அந்தப் பொண்ணுக்கு மனசு கேக்கலை. "சார், 'தவறுதலாக'ன்னு மட்டும் போட்டா போதாதா? எல்லாத்துலயும் பெயின்டர், பெயின்டர்னு எதுக்கு?"

"யாரு தப்புன்னு போடலைன்னா அவங்கவங்க இஷ்டத்துக்குச் சொல்லுவாங்கம்மா. ஃபயர்மேன் வீட்டுக்காரங்களே கேட்டு வாங்கின இடம்னுகூட சொல்லுவாங்க. பெயின்டர்னே இருக்கட்டும்."

ரெண்டு மாசத்துல போர்டு வந்துடுச்சு. பேரு மாறலை. எங்க தெருக்காரங்க காரணத்தைப் படிச்சுட்டு ஒரு வாரம் எங்க வீட்டு வாசலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. சம்பந்தம் பேச வர்றவங்க படிச்சுட்டா என்னாகறதுன்னு மூணாவது வீட்டுக்காரி இன்னிக்கும் புலம்பறா. கரித் தெரு முனையில உக்காந்திருக்கிற ஆம்பளைங்க இவரைப் பார்த்தா விடறதில்லை. "ஊருல பெரிய மனுஷனுக்கெல்லாம் ஒரு தெருதான். பிரஷ்ஷுக்கு ஆறு."

இவரு கண்டுக்கலை. சாப்பாடு பழையபடி உள்ள போகுது, அது போதும் எனக்கு.

பழைய போர்டை எல்லாம் கழட்டி எங்க தெரு முனையிலதான் குவிச்சுப் போட்டிருந்தாங்க. ஒருநாள் காலையில தையக்காரக்கா வந்து நின்னுக்கிட்டு இருந்தாங்க. புது போர்டை மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சாங்க. நானும் இவரும் கடைக்குப் போய்ட்டு வந்துக்கிட்டு இருந்தோம்.

"எழுத்து நல்லால்லை"ன்னாங்க.

"மிஷின் எழுத்து"ன்னாரு இவரு.

அவங்க குனிஞ்சு அந்தக் குவியல்ல கிளறி, இவரு எழுதின பழைய ஃபயர்மேன் தெரு தகரத்தை இழுத்தெடுத்தாங்க. ஓரமெல்லாம் துரு. எழுத்து மட்டும் நடுவுல அப்படியே இருந்துச்சு, அவ்வளவு நாள் துடைச்சிருக்காங்களே.

"மழை மிஷின் மேல சொட்டுது. கூரையில இதை வெச்சு அடிச்சுக் குடுக்க முடியுமா? முடியாதுன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

"முடியும்."

அறுபத்தாறு வயசு, இருமல், ஸ்டூல் மேல நிக்கறேங்கறாரு. நான்தான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், என் முட்டி தனக்குன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கு, அதை யாரும் கேக்கலை. பாய்லர் வீட்டுச் சுவர்லேர்ந்து வாசல் வரைக்கும் கூரையில ஆறு தகரம். அக்கா கீழ நின்னு சொன்னாங்க, "ரெண்டாவது தகரம். எழுத்து உள்பக்கம் இருக்கட்டும்."

இவரு சுத்தியலைத் தூக்கினவரு அப்படியே நிறுத்திட்டாரு. கீழ குனிஞ்சு பார்த்தாரு.

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

அக்கா சுவரைப் பார்த்தாங்க, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறதைப் பார்த்தாங்க.

"பாய்லர் பக்கத்துலேர்ந்து"ன்னாங்க. "அடி. எனக்குத் தையல் வேலை இருக்கு."